வெங்காய அறை

எங்கள் விடுதிக்கு வந்து இறங்குகிறவர்கள் எல்லோரிடமும் மூன்று கேள்விகள் இருக்கும். எங்கே சாப்பிடலாம், என்ன வாங்கிப் போகலாம், இதைவிடக் காற்றோட்டமான அறை கிடைக்குமா. வரவேற்பு மேசையில் இருந்த நான் மூன்றாவதற்கு மட்டும் பதில் சொல்வேன். மற்ற இரண்டுக்கும் வாசலைக் காட்டி விடுவேன். அங்கே வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சிவப்பு ஓட்டோ நிற்கும். அதன் பின் சீற்றில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சப்பாணி கட்டி இருப்பவரைக் கேட்டால் யாழ்ப்பாணம் முழுவதையும் பிரித்து வைத்துவிடுவார்.

அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அறுபது தாண்டியிருக்கும். நெற்றியில் விபூதி, தோளில் ஒரு துவாய்த்துண்டு. எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்ல மாட்டார். துண்டை எடுத்து ஓட்டோவின் கண்ணாடியை ஒரு தடவை துடைப்பார். துடைத்து முடித்து அவர் ஒரு கேள்வி கேட்பார்.

"பசிக்குதோ, இல்லாட்டி வாய் கேக்குதோ?"

பசியென்றால் ஒரு கடை, வாய் கேட்டால் வேறு கடை. வடை தின்ன ஆசைப்பட்டால் நாலு மணிக்கு முதல் போகக்கூடாது, கடைக்காரன் எண்ணெய் சூடேற்றுவதே அப்போதுதான். பனங்கட்டியைக் கண்ட இடத்தில் வாங்கக்கூடாது, ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மிளகாய்த்தூளுக்குச் சுன்னாகத்தில் ஒரு மில். அங்கே கண்முன்னால் வறுத்து அரைத்துத் தருவார்கள், வெளிநாடு போய் ஒரு வருடமானாலும் மணம் போகாது. கூழ் எங்கே குடிக்கலாம் என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"கூழ் கடையிலை குடிக்கிற சாமானில்லை. ஆரின்ரையும் வீட்டு முத்தத்திலை பத்துப் பேரோடை இருந்து குடிக்கிறது. உங்களுக்கு இஞ்சை வீடு இருக்கோ இல்லையோ?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அண்ணை. மற்றதெல்லாம் மேல்பூச்சு. வீடு இருக்கிறவன் லொட்ஜில் படுப்பது அவருக்குப் பொறுக்காது. எங்கள் விடுதியை அவர் விடுதி என்று சொல்லியதே இல்லை. "உங்கடை மடம்" என்பார். மடம் வழிப்போக்கருக்கு என்பது அவர் கட்சி. எங்கள் வாசலில் நின்று எங்கள் ஆட்களையே ஏற்றி இறக்கிக்கொண்டு இப்படி ஒரு கொள்கை வைத்திருந்தார் என்றால் முகாமையாளருக்கு எப்படி இருந்திருக்கும்.

ஒருமுறை லண்டனில் இருந்து ஒரு அம்மா புகையிரத நிலையத்தில் இருந்து இவருடைய ஓட்டோவில் வந்தார். பெட்டிகள் வாசலில் இறங்கிவிட்டன. நான் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் விசாரணை நடக்கிறது. எந்த ஊர்? வட்டுக்கோட்டை. அங்கை ஆர் இருக்கினம்? சின்னம்மா இருக்கிறா. சின்னம்மாக்குத் தெரியுமோ நீங்கள் வந்தது? அந்த அம்மா தலையைக் குனிந்தார். இறங்கிய பெட்டிகள் திரும்ப ஓட்டோவில் ஏறின. எனக்குக் கையைக் காட்டிவிட்டு அவர் வட்டுக்கோட்டைக்கு விட்டார். முகாமையாளர் அன்று மத்தியானம் சோறு தின்னவில்லை.

"எங்கடை வாசலிலை நிண்டுகொண்டு எங்கடை பிழைப்பிலையே மண்ணைப் போடுறீர்" என்று அவர் கத்தியபோது அண்ணை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாச் சவாரியும் அப்படி நல்லபடி முடிந்ததென்று சொல்ல மாட்டேன். அவுஸ்திரேலியாக்காரர் ஒருவரை இப்படித்தான் அவருடைய தமையன் வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். அடுத்த நாள் காலையே அவர் பெட்டியோடு எங்களிடம் வந்து நின்றார். இரவிரவாகக் காணிக் கதையாம், அடிபிடியில் முடியாதது அருந்தப்பாம். அண்ணை மன்னிப்புக் கேட்டுப் பெட்டியைத் தன் தலையில் வைத்து மூன்றாம் மாடிக்கு ஏற்றினார். ஏறும்போது சொன்னதைப் படியடியில் நின்ற நான் கேட்டேன்.

"சண்டையெண்டாலும் சொந்த வீட்டிலை பிடிச்சிட்டு வந்திருக்கிறியள். அது நல்லது."

நானும் தப்பவில்லை. என் வீடு பருத்தித்துறைப் பக்கம். வேலை நேரம் முன்பின்னாக இருக்குமென்று நகரத்திலேயே ஒரு அறை எடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆனால் வாசலில் இருந்து குரல் வரும். "பிள்ளை, பஸ்சுக்கு நேரமாகுது." போகவில்லை என்றால் திங்கட்கிழமை என்னோடு கதைக்க மாட்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. முப்பத்தைந்து வயதுக்காரியை விரட்டி வீட்டுக்கு அனுப்ப இவர் யார்?

அவருடைய வீடு சுன்னாகத்துக்குப் பக்கத்தில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில். மனைவி செத்துப்போய்ப் பல வருடம். ஒரே மகன் கனடாவில். பத்தொன்பது வயதில் போனவன், அங்கே பிறந்து வளர்ந்த பெண்ணைக் கட்டி இரண்டு பெண் பிள்ளைகள். போனதிலிருந்து திரும்பி வரவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டு போனான். இந்த வயதில் ஓட்டோ ஓட வேண்டாம் என்று மகன் சொல்லியிருந்தான். இவரும் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தார். விட்டுவிட்டு வீட்டில் இருந்து யாரோடு கதைப்பது என்று என்னிடம் கேட்டார்.

ஒருநாள் அளவு நாடாவோடு மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, ஆளில்லாத அறை ஒண்டு திறந்து விடு. உங்கடை கக்கூஸை அளக்க வேணும்."

நான் சிரித்த சிரிப்பு முகாமையாளருக்கே கேட்டிருக்கும். மடம் என்று நக்கலடித்த மனுசன் எங்கள் குளியலறையில் குந்தியிருந்து கொமட்டின் உயரத்தை அளந்தார். முகம் கழுவும் தொட்டி எவ்வளவு உயரம், சுடுதண்ணிக் குழாய் எந்தப் பக்கம், ஏசி கட்டிலுக்கு நேரே வைப்பதா பக்கத்திலா, எல்லாம் கேட்டுக் கேட்டுச் சிகரட் பெட்டி மட்டை ஒன்றில் எழுதினார். வெள்ளைத் துவாய்கள் எங்கே வாங்குகிறோம் என்று கேட்டார். சொன்னேன். மகன் குடும்பத்துக்கு வீட்டோடு சேர்த்து ஒரு அறை கட்டத் தொடங்கியிருந்தார். முடிய ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. முடிந்த அன்று எல்லோருக்கும் வடை வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஒரு படம் எடுத்து மகனுக்கு அனுப்புங்கோவன் அண்ணை" என்றேன்.

"அனுப்பினால் பேந்தென்ன கிடக்கு? கதவைத் திறக்கேக்கை அவன்ரை முகத்தை நான் பாக்க வேணும்."

அதற்குச் சில நாள் கழித்து மகன் தொலைபேசியில் எடுத்தான். அண்ணை அப்போது என் மேசைக்கு முன்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காது மந்தம் என்பதால் ஒலியைக் கூட்டித்தான் வைத்திருப்பார். இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

"எங்கையப்பா நிக்கிறியள், சத்தமாக் கிடக்கு?"

"சந்தைக்கு வந்தனான்."

"இந்த நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம் அப்பா. கொடியேறின பிறகு வருவம். பிள்ளையளும் வருகினம்."

அண்ணை தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்தார்.

"அப்பா, கக்கூஸ் இன்னும் வளவுக்குப் பின்னாலைதானோ?"

அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஓமடா, எல்லாம் நீ விட்டிட்டுப் போன மாதிரி அப்பிடியே கிடக்கு" என்றார். மகன் சட்டென்று வேறு கதைக்குப் போய்விட்டான். எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. அன்றைக்கு நான் அந்தத் தொலைபேசியைப் பறித்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

திங்கட்கிழமை வருவதாக மகன் சொல்லியிருந்தான். வியாழக்கிழமை காலை பத்து மணிபோல் எங்கள் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. கனடாக் குடும்பம் ஒன்று, புருசன், பெண்சாதி, இரண்டு சிறுமிகள். பெண்ணின் பெயரில் அறை பதிவாகியிருந்தது. நான் கடவுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டிருக்கும்போது என் கைத்தொலைபேசி அடித்தது. அண்ணை.

"பிள்ளை, இப்ப உன்னட்டை நிக்கிறது என்ரை பெடியன்."

வெளியே பார்த்தேன். வேப்பமரத்தடி வெறுமையாக இருந்தது. ஓட்டோவைப் பின்பக்க ஒழுங்கைக்குள் கொண்டுபோய் விட்டிருந்தார். நான் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"நான் சொல்லுறன் அண்ணை. நீங்கள் வாங்கோ."

"வாயைத் திறக்காதை. திங்கள்தான் வாறனெண்டவன். இப்ப நான் போய் நிண்டால் அவன் பொய்காரனாப் போடுவான். பெண்சாதி பிள்ளையளுக்கு முன்னாலை என்ரை பிள்ளை தலை குனிஞ்சு நிக்கிறதை நான் பாக்கோணுமோ? ஓட்டோவை விட்டிட்டனெண்ட நானும் ஓட்டோவோடை நிக்கிறன்." மூச்சு வாங்கினார். "அவனுக்கு ஒருநாளும் நீ இதைச் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

கொஞ்ச நேரத்தால் மகன் மேசைக்கு வந்தான். தகப்பனின் அதே நெற்றி. எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டான். "அக்கா, பிள்ளையளுக்கு ஏத்த சாப்பாடு எங்கை எடுக்கலாம்?" பொறுங்கோ என்று சொல்லிவிட்டு ஒழுங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அந்த நாலு நாளும் அண்ணை அப்படித்தான் தன் மகனுக்கு ஊரைக் காட்டினார். அவர் சொல்வார், நான் சொல்வேன், அவருடைய கூட்டாளி ஒருவர் தன் ஓட்டோவில் ஏற்றிப் போவார். சின்னவளுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது, இடியப்பத்துக்குச் சொதியை மட்டும் விடச் சொல்லு. மகனுக்கு நண்டென்றால் உயிர், ஆனால் நல்லூர் கொடியேறி இருக்கிற நாட்களில் கடை நண்டு நல்லதாக வராது, சனம் மீன், இறைச்சியென்று மச்சம் எதுவும் வாங்காததால் கிடந்து பழசாகியிருக்கும், விடாதே. மருமகளுக்கு வெயில் ஆகாதாம், சேலைக் கடைக்குப் பின்னேரம் போகட்டும். பேத்திகளை அவர் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. எல்லாம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

ஐஸ்கிரீம் கடைக்கு அவர்கள் போனபோது எதிர்ப்பக்கத்தில், தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"சின்னவள் உடுப்பெல்லாம் ஊத்திப்போட்டாள், பிள்ளை" என்று வந்து சொன்னார். "அவளின்ரை அப்பனும் உப்பிடித்தான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பை கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைத்தார். பனங்கட்டி, சுன்னாகத்து மிளகாய்த்தூள், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், மோர்மிளகாய். "விடுதி குடுக்கிறதெண்டு சொல்லிக் குடு." கொடுத்தேன். மகன் வாங்கி மணந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்கை அக்கா வாங்கினனீங்கள்? எங்கடை வீட்டு மணம் அடிக்குது" என்றான். சிரித்து மழுப்பினேன்.

திங்கட்கிழமை காலை அறையை விட்டுவிட்டு வானில் பெட்டிகளோடு சுன்னாகத்துக்குப் போனார்கள். அங்கே நடந்ததை அண்ணை செவ்வாய்க்கிழமை சொன்னார். பின் சீற்றில் சப்பாணி கட்டி இருந்து, கண்ணாடியைத் துடைக்காமல் சொன்னார்.

காலைதான் கொழும்பில் இருந்து வந்ததாக மகன் சொல்லியிருக்கிறான். பின்னேரமே திரும்ப வெளிக்கிட வேண்டுமாம், பெண்சாதியின் ஆட்கள் கொழும்பில் காத்திருக்கிறார்களாம். அண்ணை நண்டு சமைத்திருந்தார். கொடியேறினால் அவர் வீட்டுக்குள் மச்சம் வராது. அதனால் குசினியை விட்டு வளவுக்குள் மூன்று கல்லு வைத்து, புதுச் சட்டியில் சமைத்து, மாமரத்துக்குக் கீழே பாய் போட்டுப் பரிமாறியிருக்கிறார். தான் தொடவில்லை. மகன் மூன்று முறை கேட்டுப் போட்டுச் சாப்பிட்டானாம்.

"அறையைக் காட்டினனீங்களோ?" என்று கேட்டேன்.

அவர் றோட்டைப் பார்த்தார்.

"உந்தக் கதவென்னப்பா புதுசாக் கிடக்கெண்டு கேட்டவன். உள்ளுக்கை வெங்காயம் கிடக்கு, மணக்கும், திறக்காதையெண்டன்."

"ஏன் அண்ணை?"

"காட்டினால் அவனுக்கு நெஞ்சு வெடிச்சிடும், பிள்ளை. இப்பிடி ஒரு அறை இருக்கேக்கை மடத்திலை நிண்டிட்டு வந்தனே எண்டு சாகுமட்டும் அழுவான். ஏதோ, வந்தவன். சாப்பிட்டவன். சின்னவள் போகேக்கை என்ரை கன்னத்திலை கொஞ்சினவள்."

பிறகு எங்கள் விடுதியைப் பற்றி மகன் இணையத்தில் எழுதியிருந்தான். ஐந்து நட்சத்திரம். எங்கே சாப்பிடுவது, எங்கே வாங்குவது என்று எங்கள் பிள்ளைகளை முன்பே தெரிந்தவர்கள் மாதிரிப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள், சொந்த வீட்டில் நின்றது போல இருந்தது என்று. முகாமையாளர் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். நான் அண்ணைக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இன்னொருக்கால் வாசி என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் வீடு இருக்கோ என்று கேட்கவில்லை. பெட்டிகளைத் தானே இறக்கி உள்ளே கொண்டுவந்து வைப்பார். "நல்ல இடம், வடிவா நில்லுங்கோ" என்பார். வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். முகாமையாளர் இப்போதுதான் ஆளுக்குப் புத்தி வந்திருக்கிறது என்றார். எனக்கு அந்த வாசல் பிடிக்காமல் போய்விட்டது. அவர் கூப்பிடாத வெள்ளிக்கிழமைகளில் நானாகவே பஸ் ஏறிப் போனேன்.

இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. மகன் வரும்வரை உடலை வைத்திருந்தார்கள். நானும் செத்தவீட்டுக்குப் போனேன். கூட்டத்துக்குள் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். மகன் இந்தமுறை தனியாக வந்திருந்தான். எங்களிடம்தான் அறை பதிவு செய்திருந்தான், வந்ததும் பெட்டியை ஆளிடம் கொடுத்து அனுப்பியும் இருந்தான்.

கொள்ளி வைத்த அடுத்த நாள் காலை மேசைக்கு முன்னால் வேட்டியோடு ஒருவர் வந்து நின்றார். மீசை வழித்திருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் எழும்பி நின்றேன்.

"அறை வேண்டாமக்கா, பெட்டியை எடுக்க வந்தனான். கொள்ளி வைச்ச பிள்ளை எட்டாம் நாள் சடங்கு முடியுமட்டும் வெளியிலை படுக்கக் கூடாதாம். ஊராக்கள் விடுகினமில்லை."

"அதுதான் முறை" என்றேன்.

அவன் போகவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வீட்டிலை ஒரு அறை இருக்கக்கா. வெங்காயம் கிடக்கெண்டு அப்பா சொன்னவர். நேற்று அயல்வீட்டு மாமா திறப்பைக் கொண்டுவந்து திறந்து விட்டவர். ஒரு வெங்காயம் இல்லை. ஏசி கிடக்கு. மெத்தையிலை பொலித்தீன் கூடக் கழட்டேல்லை. குளியலறை உங்கடை குளியலறை மாதிரியே, ஒரு அங்குலம் வித்தியாசமில்லை. துவாய் கூட உந்தத் துவாய்தான்."

நான் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் அண்டைக்கு இஞ்சை நிண்டது அப்பாக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன். சத்தியம் பண்ணியிருந்தேன்.

அவன் தலையாட்டினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அப்போதுதான் பார்த்தேன், வேப்பமரத்துக்குக் கீழே சிவப்பு ஓட்டோ நின்றது. அயல்வீட்டு மாமா அதில்தான் அவனை ஏற்றி வந்திருந்தார். அண்ணையோடு வந்துபோன பழக்கத்தில், அவர் விடுகிற இடத்திலேயே விட்டிருந்தார்.

அவன் பின் சீற்றில் ஏறி இருந்தான். மாமாவிடம் ஏதோ கேட்டான். அவர் மரத்தையும் எங்கள் வாசலையும் கையால் காட்டி ஏதோ சொன்னார். அவன் நிமிர்ந்து எங்கள் வாசலைப் பார்த்தான். அன்றைக்கு வான் வந்து நின்ற இடம், அவன் பிள்ளைகளைத் தூக்கி இறக்கிய படி, கண்ணாடிக்குப் பின்னால் என் மேசை, எல்லாம் அந்தச் சீற்றில் இருந்து நேராகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தான்.

என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. வெளியே போனேன்.

"அப்பா எங்களைக் கண்டவர்" என்றான். என்னிடம் கேட்பது போலச் சொல்லவில்லை.

ஓம் என்றேன்.

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கம்பியில் தொங்கிய தகப்பனுடைய துவாய்த்துண்டை மாமா எடுத்துக் கொடுத்தார். அதால் துடைத்துவிட்டு அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"வீட்டை போவம் மாமா" என்றான்.